சம்பளமில்லாமல் வாங்கும் அடிகள்

கேள்வி: எனக்கு வயது 23. பதினைந்து வயதில் குத்துச்சண்டைக்கு வந்தேன். அமெச்சூர் பிரிவில் 46 போட்டிகளில் ஆடி 37இல் வென்றிருக்கிறேன். என் பிரிவு 60 கிலோ. தேசியப் போட்டியில் இரண்டு முறை அரையிறுதி வரை போயிருக்கிறேன். இப்போது சண்டை நிகழ்ச்சிகளை நடத்தும் ஒரு புரமோட்டர் தொழில்முறைக்கு வரும்படி அழைக்கிறார். மூன்றாண்டு ஒப்பந்தம். மேலாளராகவும் தானே இருந்து கவனித்துக்கொள்வதாகச் சொல்கிறார். என் வழக்கமான எடை 64 கிலோ. 57 கிலோ பிரிவுக்கு இறங்கினால் ஐந்தாவது சண்டையிலேயே பட்டப் போட்டி வாங்கித் தருவதாக உறுதி கூறுகிறார். கையெழுத்துப் போடலாமா? அந்த எடைக்கு இறங்கலாமா? அலுவலக வேலையை விட்டுவிடலாமா? பயிற்சிக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் ஆண்களோடுதான் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்). போன மாதம் என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூடுதலான ஒருவருடன் மோதியபின் மூன்று நாள் தலைவலி இருந்தது. பழகிவிடும் என்றார் பயிற்சியாளர். இதைக் கேட்டதிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒப்பந்தம், எடை, வேலை, அம்மா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப்போன அந்த மூன்று நாள் தலைவலியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்ற நான்கும் அதற்குப் பிறகுதான்.

தலையில் அடி வாங்கியபின் மூன்று நாள் நீடிக்கும் வலி, மூளை அதிர்ச்சியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது பழகுகிற விஷயமே இல்லை. கையில் காய்ப்புக் காய்ப்பது போல மூளை காய்த்துப்போய் உறுதிப்படாது. இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். எந்தத் தேதியில் அடிபட்டது, எந்தப் பக்கம், அன்று இரவு தூக்கம் எப்படி இருந்தது, வெளிச்சம் கண்ணைக் கூசியதா, பேசும்போது சொல் தட்டுப்பட்டதா, குமட்டல் இருந்ததா, எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம். திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: முதலில் நடை, பிறகு ஓட்டம், கயிறு தாண்டுதல், பஞ்சிங் பேக், பயிற்சியாளர் பிடிக்கும் பேட். ஒவ்வொரு படியிலும் தலைவலி திரும்பாமல் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். எதிராளியின் கை உங்கள் தலையில் படக்கூடிய பயிற்சி எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் வாங்கும் இரண்டாவது அடிதான் மிகவும் ஆபத்தானது. அது லேசான அடியாக இருந்தாலும்கூட.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் நீண்ட காலம் கார்னரில், அதாவது வீரருக்கு யோசனை சொல்பவர் நிற்கும் ரிங்கின் மூலையில், நின்று நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான். ஒரு வீராங்கனையின் தலை தாங்கக்கூடிய அடிகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எனவே வாங்கும் ஒவ்வோர் அடியும் எங்கே, எதற்காக, யாருடைய முடிவால் வந்து விழுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் முழுக் கணக்கு. வெளிச்சத்தில், சம்பளத்துக்கு, நடுவரும் மருத்துவரும் அருகில் இருக்கும்போது வாங்கும் அடிகளைவிடப் பயிற்சிக்கூடத்தில் சம்பளமில்லாமல் வாங்கும் அடிகள் பல மடங்கு. வாழ்க்கையை முடித்துவைப்பவை பெரும்பாலும் அவைதான். உங்கள் ஒப்பந்தம், எடை, வேலை, அம்மாவின் பயம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

ஆண்களோடு ஸ்பாரிங் செய்வது தப்பில்லை. பெண்கள் குறைவாக இருக்கும் விளையாட்டில் வேறு வழியும் இல்லை. உலகப் பட்டம் வென்ற பெண்கள் பலரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் அதை நடத்தும் முறை இருக்கிறது. எதிரில் நிற்பவர் உங்களைவிடக் கனமாக இருந்தால், அவர் திறமையானவராகவும் அடக்கமானவராகவும் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த, பெண்ணிடம் தோற்றால் மானம் போய்விடும் என்று நினைக்கிற பையனை உங்கள் எதிரில் நிறுத்தவே கூடாது. என் அனுபவத்தில் அதிகச் சேதம் செய்பவர்கள் அவர்கள்தான். தொடங்குவதற்கு முன்பே பயிற்சியாளர் இருவரையும் நிறுத்திவைத்து இன்றைக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும்: இந்தச் சுற்றில் அவன் இடது கை ஜாப் (நேராக நீட்டும் குத்து) மட்டும், அடுத்த சுற்றில் உடம்புக்கு மட்டும், மூன்றாவதில் நீங்கள் கயிற்றோரம் மாட்டிக்கொண்ட நிலையிலிருந்து வெளியே வருவது. கையுறை 16 அவுன்ஸ். முழு வேகத்தில் மோதும் நாள் வாரத்துக்கு ஒன்று, சண்டை நெருங்கும்போது அதிகபட்சம் இரண்டு. மற்ற நாள்களில் கால், தூரம், நேரம் மூன்றையும் தலையில் அடி வாங்காமலே கூர்மைப்படுத்தலாம்.

ஒரு வீராங்கனைக்குப் போதும் என்பதை நான் எப்படிக் கண்டுகொள்கிறேன் என்று சொல்கிறேன். முகத்தில் வீக்கமோ ரத்தமோ வருவதற்கு முன்பே கால் சொல்லிவிடும். நன்றாக இருக்கும்போது அவள் அடித்துவிட்டு அரை அடி வலப்பக்கம் நகர்வாள். அது அவளுடைய பழக்கமாக இருக்கும். அந்த அரை அடி காணாமல் போய், அடித்த இடத்திலேயே நின்றுவிட்டால் மணியை அடித்துவிடுவேன். ஒரு நிமிட ஓய்வில் நான் சொன்னதையே திருப்பி என்னிடம் கேட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. இதைப் பார்க்கத் தெரியாத கண்ணோ, பார்த்தும் நிறுத்த மனம் வராத மனிதரோ உங்கள் கார்னரில் நிற்கக் கூடாது. உங்கள் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: இதுவரை எந்தச் சண்டையிலாவது உங்கள் வீரரை நீங்களாகவே பாதியில் நிறுத்தி வெளியே கூட்டி வந்திருக்கிறீர்களா? அவர் சொல்லும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும். அமெச்சூர் காலம் முழுவதும் உங்களை வளர்த்தவர் அவர் என்பதை நான் மறக்கவில்லை. நன்றியை வேறு விதத்தில் காட்டலாம். மூன்று நாள் தலைவலியைப் பழகிவிடும் என்று சொன்னவரிடம் தொழில்முறைச் சண்டையில் உங்களை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது தொழில்முறைக்கு வருவோம். நீங்கள் ஆடிவந்தது மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. தொழில்முறையில் பெண்களுக்குப் பெரும்பாலும் சுற்றுக்கு இரண்டு நிமிடம். அறிமுகச் சண்டை நான்கு சுற்று என்றால் மொத்தம் எட்டே நிமிடம். நீங்கள் இப்போது ஆடுவதைவிடக் குறைவு. இதைப் பார்த்துப் பலரும் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். அமெச்சூரில் உங்கள் தலையில் இருந்த கவசம் இங்கே இல்லை. 10 அவுன்ஸ் கையுறை உங்கள் எடையில் 8 அவுன்ஸாகிவிடும். எதிராளியின் முஷ்டிக்கும் உங்கள் தாடைக்கும் நடுவே இருந்த மெத்தையில் ஏறக்குறைய 57 கிராம் குறைகிறது. தொட்டுவிட்டு ஓடும் அடி பெரிதாக எடுபடாது. பதிகிற அடிக்குத்தான் மதிப்பு. நான்கிலிருந்து ஆறு, எட்டு, பத்துச் சுற்று என்று ஏறும்போது 20 நிமிடம் ஆகிவிடும்.

இரண்டு நிமிடச் சுற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எதிராளியைப் படித்துப் பார்த்து மெல்லச் சூடேற அங்கே நேரமே இல்லை. முதல் முப்பது விநாடியைக் கொடுத்துவிட்டால் சுற்றில் கால்வாசி போய்விட்டது. நாக் அவுட் குறைவு, எனவே முடிவு பெரும்பாலும் மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டைகளில்தான். அயர்லாந்தின் கேட்டி டெய்லரும் புவேர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோவும் 2024 நவம்பரில் டெக்சஸில் மோதிய இரண்டாவது சண்டையில் மூன்று நடுவர்களும் 95-94 என்றே டெய்லருக்குக் கொடுத்தார்கள். பத்துச் சுற்று ரத்தம் சிந்தியும் வித்தியாசம் ஒரே புள்ளி. அமெச்சூரில் வேகமாகத் தொடங்கிப் பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு இந்த அமைப்பு சாதகம்தான். (பெண்களுக்கும் மூன்று நிமிடம் வேண்டும் என்ற கோரிக்கையின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். செரானோ 2023 அக்டோபரில் ஆண்களைப் போலவே பன்னிரண்டு மூன்று நிமிடச் சுற்றுகளில் பட்டத்தைக் காத்தார். அதை ஏற்காத உலக பாக்சிங் கவுன்சிலின் பட்டத்தைத் துறக்கவும் செய்தார். ஆனால் அறிமுகச் சண்டையைப் பற்றி யோசிக்கும் உங்களுக்கு இது இன்றைய கவலை இல்லை.)

ஐந்தாவது சண்டையிலேயே பட்டப் போட்டி என்ற பேச்சு என்னைச் சங்கடப்படுத்துகிறது. பெண்கள் பிரிவில் அது நடக்கக்கூடியதுதான். அமெரிக்காவின் கிளரெஸ்ஸா ஷீல்ட்ஸ் நான்காவது சண்டையிலும் டெய்லர் ஏழாவது சண்டையிலும் 2017இல் உலகப் பட்டம் வென்றார்கள். ஆனால் இருவரும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்கள். ஷீல்ட்ஸ் 2016இல் இன்னொன்றும் வென்றார். அவர்களுக்கு அந்த நான்கும் ஏழும் வெறும் சம்பிரதாயம். நமக்கு அப்படி இல்லை.

ஆண்கள் பிரிவில் தொடக்கக்காரருக்கும் சாம்பியனுக்கும் நடுவே ஒவ்வொரு எடையிலும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். சண்டைக்கு ஜோடி சேர்க்கும் ஒரு நல்ல மேட்ச்மேக்கர் அதிலிருந்து பொறுக்கி, இந்தச் சண்டையில் இடதுகைக்காரர், அடுத்ததில் உயரமானவர், அதற்கடுத்து உடம்பை நோக்கி அடிப்பவர் என்று பாடம் போல வரிசைப்படுத்தலாம். பெண்கள் பிரிவில் அந்த நடுப்படிகள் மிகவும் குறைவு. தொடர்ந்து தோற்றுவரும் பெண்கள் ஒரு பக்கம், உலகத்தரம் மறுபக்கம், இடையில் பெரிய பள்ளம். நான்கு எளிய வெற்றிகளுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்கள். பட்டப் போட்டி என்று அழைப்பு வரும். அது எதிராளியின் ஊரில், மூன்று வார அவகாசத்தில், அவள் பெயருக்கு விற்ற டிக்கெட்டுகளின் நடுவே நடக்கும். அங்கே தோற்றால் அடுத்த அழைப்பும் அதே மாதிரிதான் வரும். தோற்பதற்காகவே அழைக்கப்படும் எதிராளி என்ற பெயர் விழுந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

உங்கள் 46 போட்டிகள்தான் உங்களிடம் உள்ள நடுப்படிகள். அதனால்தான் இன்னும் ஓராண்டு அமெச்சூரில் இருங்கள், கூடுமானவரை வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடுங்கள், அதன்பின் தொழில்முறைக்கு வாருங்கள் என்பேன். 23 வயது இந்தத் தொழிலுக்குத் தாமதமே இல்லை. டெய்லர் தொழில்முறைக்கு வந்தபோது அவருக்கு வயது 30.

எடைக்கு வருகிறேன். வேண்டாம். 64 கிலோ உடம்பை 57க்கு இறக்குவது என்றால் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் போக வேண்டும். அமெச்சூரில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்ப்பதால் யாரும் அதிகம் ஏமாற்ற முடியாது. தொழில்முறையில் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், வெந்நீர்த் தொட்டியிலும் வியர்வை உடையிலும் நீரை வற்றவைத்துவிட்டு இரவோடு இரவாகக் குடித்து நிரப்பலாம் என்ற எண்ணம் வருகிறது. தராசில் எடை திரும்பிவிடும். உடம்பு அந்த ஓர் இரவில் முழுதாகத் திரும்பாது. நீர் வற்றிய நிலையில் தலையில் வாங்கும் அடி கூடுதல் ஆபத்தானது என்று சண்டைக்கள மருத்துவர்கள் விடாமல் எச்சரித்து வருகிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே அடிகள்தான், விலை மட்டும் கூடிவிடுகிறது.

பெண்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. சண்டைக்கான தயாரிப்பில் மாதவிடாய் நின்றுபோனால், உடம்பு கச்சிதமாகிவிட்டது என்று அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்று உடம்பு கொடுக்கும் முதல் புகார் அது. 2014இலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதைத் தனி மருத்துவச் சிக்கலாக வரையறுத்து எச்சரித்தது. எலும்பின் அடர்த்தி குறையும், கீறல் முறிவுகள் வரும், காயம் ஆற நாளாகும். குத்துச்சண்டைக்காரிக்குக் கை எலும்புதான் மூலதனம். உங்கள் மாதச் சுழற்சியைக் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் தவறினால் மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கு ஏற்ற பிரிவு 61.2 கிலோ, அதாவது லைட்வெயிட். ஒரு நல்ல உணவியலாளர் துணையோடு பல வாரங்களில் நிதானமாக அந்த எடைக்கு வரலாம். 59 கிலோ பற்றி ஓரிரு ஆண்டுகள் கழித்து யோசிக்கலாம். 57இல் எந்தப் பட்டம் காலியாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

ஒப்பந்தத்தை இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்திடாதீர்கள்.

புரமோட்டரே மேலாளராகவும் இருப்பதுதான் அடிப்படைக் கோளாறு. புரமோட்டர் சண்டையை விற்பவர். குறைந்த செலவில் நிகழ்ச்சி நடத்துவது அவருக்கு லாபம். மேலாளர் உங்கள் ஆள். உங்களுக்கு அதிகத் தொகையும் பொருத்தமான எதிராளியும் வாங்கித் தருவது அவர் வேலை. ஒருவரே இரண்டுமாக இருந்தால் பேரம் பேச எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வந்த முகம்மது அலி பாக்சிங் சீர்திருத்தச் சட்டம் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தே வைத்தது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை ஒப்பந்தங்களைப் பார்த்த அனுபவமுள்ள, புரமோட்டருக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவர் அதைப் படிக்கட்டும்.

அந்த வழக்கறிஞரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை சண்டை என்று எண்ணிக்கை எழுதியிருக்கிறதா, அந்த எண்ணிக்கை தவறினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? நான்கு சுற்றுக்கு இவ்வளவு, ஆறுக்கு இவ்வளவு என்று தொகைக்கு அடித்தளம் இருக்கிறதா, அல்லது நீங்கள் விற்கும் டிக்கெட்டில்தான் பங்கா? சிறிய அரங்குகளில் இந்த இரண்டாவது முறை பல இடங்களில் உண்டு. எதிராளியின் சம்பளம்கூட உங்கள் டிக்கெட் விற்பனையிலிருந்துதான் போகும். மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனைகளுக்கு யார் பணம் கட்டுவது? சண்டையில் காயம்பட்டால் சிகிச்சைக்குக் காப்பீடு யாருடையது? எதிராளியை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா? காயத்தாலோ கர்ப்பத்தாலோ நீங்கள் ஆட முடியாத காலத்தை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்து நீட்டிக்கும் விதி பெரும்பாலும் இருக்கும். அதற்கு உச்சவரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாண்டு ஒப்பந்தம் ஐந்தாண்டாக நீளும். பட்டம் வென்றால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி இருந்தால், புதிய தொகை எப்படி முடிவாகும் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கையில் எவ்வளவு வரும் என்பதையும் போட்டுப் பாருங்கள். மேலாளரின் பங்குக்கு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு இருக்கிறது. பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். அதற்கு மேல் காயத்துக்கு மருந்திடுபவர், பட்ட அமைப்பின் கட்டணம், வரி. நூறு என்று எழுதிய தொகையில் ஐம்பது கைக்கு வந்தால் பெரிது.

இதனால்தான் வேலையை விடாதீர்கள் என்கிறேன். 2022 ஏப்ரல் 30 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டெய்லரும் செரானோவும் மோதியபோது, அந்த அரங்கில் பெண்கள் சண்டை முதன்முறையாக நிகழ்ச்சியின் முதன்மைச் சண்டையானது. இருவரும் பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் ஈட்டினார்கள் என்று செய்திகள் வந்தன. அந்த உயரத்தில் இருப்பவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். ஸ்காட்லாந்தின் ஹன்னா ராங்கின் 2021இல் உலகப் பட்டம் வென்ற காலத்திலும் பஸூன் என்ற ஊதுகருவியை இசைத்தும் இசை கற்பித்தும் வந்தவர். நியூயார்க்கின் ஹெதர் ஹார்டி உலகச் சாம்பியனாக இருந்தபோதும் பயிற்சிக்கூடத்தில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தவர். வேலை இருப்பதில் இன்னொரு பலம் உண்டு. வாடகைக்குப் பணம் இல்லாதவள்தான் மோசமான எதிராளியை, மோசமான எடையை, பத்து நாள் அவகாசத்தை ஒப்புக்கொள்கிறாள். வேண்டாம் என்று சொல்லும் வசதியை உங்கள் மாதச் சம்பளம் உங்களுக்குத் தருகிறது. அலுவலகத்தில் நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள். சண்டைக்கு முந்தைய சில வாரங்களுக்கு விடுப்பைச் சேர்த்துவையுங்கள். எட்டுச் சுற்றுச் சண்டைகள் தொடர்ந்து கிடைத்து, செலவெல்லாம் போக ஓராண்டு வாழ்க்கைக்கு மிஞ்சினால் அப்போது பேசலாம்.

அம்மாவிடம் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை, அவருக்கும் அது தெரியும். 2021 ஆகஸ்டில் மான்ட்ரியலில் நடந்த சண்டையில் நாக் அவுட்டான மெக்சிகோவின் ஜனெத் சகரியாஸ் சபாட்டா ஐந்து நாளில் இறந்துபோனார். அவருக்கு வயது 18. சில மாதங்களுக்கு முன்புதான் இன்னொரு சண்டையில் நாக் அவுட் ஆகியிருந்தார். ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற முதல் பெண்ணான நிக்கோலா ஆடம்ஸ், பார்வை போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2019இல் விலகினார். மேலே சொன்ன ஹார்டி 2024இல் மூளை பாதிப்பைச் சொல்லிச் சண்டையை நிறுத்தினார். இவர்கள் யாரும் கோழைகளோ திறமை குறைந்தவர்களோ அல்ல. உங்கள் அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்பதை நீங்களே அவர் முன் ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பிறகு நீங்கள் சொல்வதை அவர் கேட்பார்.

பிறகு அவரைக் காவலுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறை உரிமத்துக்கு முன் எடுக்கும் மூளை ஸ்கேனுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் அவரே கேட்கட்டும். அந்த ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள், ஆண்டுதோறும் புதியதை அதனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நினைவு, கவனம், எதிர்வினை வேகம் ஆகியவற்றைச் சோதிக்கும் பரிசோதனையும் இப்போதே, தலைவலி முற்றிலும் தீர்ந்தபின், ஒருமுறை எடுத்துவையுங்கள். பின்னாளில் ஏதாவது மாறினால் ஒப்பிட ஓர் அளவு வேண்டும். வீட்டில் உங்களோடு இருப்பவர் அவர்தான். பேச்சு குழறுவதையும் எரிச்சல் கூடுவதையும் சொன்னதையே திரும்பச் சொல்வதையும் பயிற்சியாளருக்கு முன்பே கவனிக்கக்கூடியவர் அவர். அப்படி ஏதாவது தெரிந்தால் தயங்காமல் என்னிடம் சொல், நான் கோபப்பட மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். நாக் அவுட்டானால் விதிக்கப்படும் மருத்துவத் தடைக்காலத்தில், 30 நாளோ 60 நாளோ 90 நாளோ, ஸ்பாரிங்கும் இல்லை என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள். ரிங்குக்குள் வராமல் பயிற்சிக்கூடத்தில் மட்டும் மோதிக்கொண்டிருக்கும் ஏமாற்று வேலை நிறைய நடக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் உங்களால் அதைச் செய்ய முடியாது.

தோல்வியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோல்வியே இல்லாத பதிவுக்கு ரசிகர்களும் புரமோட்டர்களும் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள். டெய்லர் 2023 மே மாதம் டப்ளினில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஷான்டெல் கேமரனிடம் முதல் தோல்வி கண்டார். அதே ஆண்டு நவம்பரில் அவரையே அதே ஊரில் வென்றார். உங்கள் முதல் தோல்வி வரும்போது புள்ளிகளில் தோற்றால் கலங்காதீர்கள். அதிக அடி வாங்கி வென்ற சண்டையைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அதன் வீடியோவைப் போட்டு, தலையில் எத்தனை சுத்தமான அடிகள் விழுந்தன என்று புதிய பயிற்சியாளரோடு உட்கார்ந்து எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், வென்றுகொண்டிருந்தாலும் நிறுத்தித் திருத்த வேண்டும்.

ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்லப் புரமோட்டர் தேதி ஏதும் வைத்திருந்தால் அதை நீட்டிக்கக் கேளுங்கள். நீட்டிக்க மறுத்தால் அதுவே போதுமான பதில். மருத்துவர் பார்த்துச் சொன்னது என்ன என்பதை எனக்கு எழுதுங்கள். உங்கள் எடையிலும் தரத்திலும் உள்ள பெண்களோடு பயிற்சி செய்யும் முகாம்கள் எங்கே நடக்கின்றன, எந்தப் பயிற்சியாளர்களிடம் பேசலாம் என்று தனிக் கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.